அப்பாவிடமிருந்து ஓடி வந்தேன், அவராகவே ஆகிவிடுவேனா?

வாசகர் ஒருவரின் கடிதம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 29 வயது. வேலை முடிந்து மாலை நேரங்களில் ஒரு நாடகக் குழுவில் நடிக்கிறார். குழு இப்போது பழங்கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் ‘ஈடிபஸ் அரசன்’ நாடகத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறது. ஈடிபஸ் வேடம் இவருக்கு. அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர். தாத்தாவும் கை நீட்டுகிறவர்தான் என்று கேள்வி. “அப்படியே அப்பனை உரிச்சு வச்சிருக்கான், கோபமும் அதே கோபம்” என்று பாட்டி இவரைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வாராம். 19 வயதில் வீட்டை விட்டு வந்துவிட்டார். பத்து வருடமாக அப்பாவோடு பேச்சே இல்லை. அவரைப் போல ஆகிவிடக் கூடாது என்பதுதான் இத்தனை வருடமும் இருந்த ஒரே வைராக்கியம்.

நான்கு மாதத்தில் கல்யாணம். போன மாதம் ஒரு வாக்குவாதம். பேச்சை முடித்துக்கொண்டு வெளியே போகத் திரும்பிய அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்திருக்கிறார். விரல் பதிந்த தடம் இரண்டு நாள் மறையவில்லை. அவர் மன்னித்துவிட்டார். இவரால் தன்னை மன்னிக்க முடியவில்லை. “ஈடிபஸ் எந்தப் பக்கம் ஓடினாலும் அதே இடத்தில்தான் வந்து நின்றான். நானும் நின்றுவிட்டேன். என் தலையெழுத்து அவள் மேல் விழக் கூடாது. ஏதாவது ஒரு காரணம் சொல்லிக் கல்யாணத்தை நிறுத்திவிடப் போகிறேன்” என்கிறார். நாடக இயக்குநர் “ஈடிபஸ் ஒரு பொம்மை, கயிறு அப்பல்லோ தெய்வத்தின் கையில், அப்படியே நடி” என்கிறார். நண்பரோ “தீதும் நன்றும் பிறர்தர வாரா” என்று சொல்லி வாயை அடைக்கிறார். அவருடைய கேள்விகள் மூன்று. ஈடிபஸ் வேறு மாதிரி நடந்துகொண்டிருக்க முடியுமா? நான் என் அப்பாவாக ஆகிவிடுவேனா? சொல்லாமல் விலகிவிடுவதுதானே அவளுக்கு நல்லது?

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த மணிக்கட்டைப் பற்றிப் பேசிவிடலாம். எட்டுப் பக்கக் கடிதத்தில் அதற்கு நீங்கள் கொடுத்திருப்பது மூன்று வரி. மீதி எல்லாம் விதியும் ஈடிபஸும். அந்த மூன்று வரியிலும் ஒரு வாக்கியத்தில் என் கண் நின்றுவிட்டது. “என்னையும் அறியாமல் கை போய்விட்டது” என்று எழுதியிருக்கிறீர்கள். நம் மொழி இதற்கு ரொம்பவே இடம் கொடுக்கும். கை நீண்டுவிட்டது, வார்த்தை வந்துவிட்டது, அடி விழுந்துவிட்டது என்று, செய்தவனே இல்லாமல் ஒரு காரியம் நடந்து முடிந்ததாகச் சொல்லிவிடலாம். உங்கள் அப்பாவும் இப்படித்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். இந்த வாக்கியத்துக்கு மறுபடி வருவேன், ஏனென்றால் நீங்கள் நடிக்கப் போகிற பாத்திரம் இதற்கு நேர் எதிரான ஒரு வாக்கியத்தைப் பேசுகிறது. நீங்கள் அதை மனப்பாடம் செய்திருப்பீர்கள்.

நடந்ததைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். வெளியே போக நினைத்த ஒருவரைப் பலமாகப் பிடித்து நிறுத்துவது வன்முறைதான். தடம் பதிந்ததா என்பது இரண்டாவது. போக விரும்பியவரைப் போக விடவில்லை என்பதுதான் முதலாவது. இதை நீங்களே எழுதி, உதவியும் கேட்டிருக்கிறீர்கள். அது பெரிய விஷயம். ஆனால் கூடவே ‘தலையெழுத்து’ என்று ஒரு சொல்லை வைத்து மூடிவிட்டீர்கள். அதைத் திறக்கத்தான் நாடகம் வழியாகப் போகப் போகிறேன். நீங்கள் அந்த வழியாகத்தான் வந்திருக்கிறீர்கள்.

அப்பல்லோ சொன்னது எவ்வளவு?

உங்கள் இயக்குநரின் கருத்து புதிதல்ல. பொம்மை, கயிறு, தப்பிக்க முடியாத விதி என்று இந்த நாடகத்தை எத்தனையோ பேர் அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். என் துறையான உளவியலுக்கும் இதில் பங்கு உண்டு. சிக்மண்ட் ஃப்ராய்ட் 1899 இறுதியில் வெளியான தன் கனவு நூலில் இந்த நாடகத்தை எடுத்துக்கொண்ட நாளிலிருந்து, ஈடிபஸ் என்றாலே நமக்குள் பிறவியிலேயே புதைந்து கிடக்கும் ஏதோ ஒன்று என்று ஆகிவிட்டது. நாடகத்தை உட்கார்ந்து படித்தால் வேறு மாதிரி இருக்கிறது.

அப்பல்லோ குறி சொல்லும் கோயிலான டெல்ஃபியில் ஈடிபஸுக்குக் கிடைத்த வாக்கு என்ன? அப்பாவைக் கொல்வாய், அம்மாவை மணப்பாய், பார்க்கச் சகிக்காத பிள்ளைகளைப் பெறுவாய். இவை எல்லாம் நாடகம் தொடங்கும் முன்பே நடந்து முடிந்துவிட்டன. திரை விலகும்போது அப்பா லயஸ் செத்துப் பல வருடம் ஆகிவிட்டது. அம்மா ஜோகாஸ்டாவுக்கும் ஈடிபஸுக்கும் நான்கு பிள்ளைகள். விதி செய்ய வேண்டியது எதுவும் மேடையில் பாக்கி இல்லை.

அப்படியானால் மேடையில் நாம் பார்ப்பது என்ன? அவன் ஆளும் தீப்ஸ் நகரில் கொள்ளைநோய். மக்கள் வந்து முறையிடும் முன்பே ஜோகாஸ்டாவின் சகோதரன் கிரியானை டெல்ஃபிக்கு அனுப்பியிருக்கிறான் ஈடிபஸ். வாக்கைத் தனியாகக் கேட்கலாமா என்று கிரியான் தயங்க, எல்லார் முன்னாலும் சொல் என்கிறான். லயஸின் கொலைகாரனைத் தேடிப் பிடிப்பேன் என்று அறிவிக்கிறான், அவனைச் சபிக்கிறான். பார்வையற்ற குறிசொல்பவன் டைரீசியஸ் பேச மறுக்க, கோபமூட்டிப் பேச வைக்கிறான். ஜோகாஸ்டா கெஞ்சுகிறாள், கேட்காமல், குழந்தையாக இருந்த தன்னை மலையில் போடக் கொடுக்கப்பட்ட மேய்ப்பனை அழைத்துவரச் சொல்கிறான். லயஸைக் கொன்றவனைத் தண்டிக்க வேண்டும் என்பது மட்டும்தான் அப்பல்லோவின் வாக்கு, மற்றவற்றில் ஒன்றையாவது செய் என்று எந்தத் தெய்வமும் அவனுக்குச் சொல்லவில்லை. எந்த இடத்திலும் அவன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்து என்று டைரீசியஸ், ஜோகாஸ்டா, மேய்ப்பன் என்று மூன்று பேர் சொல்லியும் பார்த்துவிட்டார்கள்.

அந்த மேய்ப்பன் காட்சியை உங்கள் ஒத்திகையில் எப்படிச் செய்கிறீர்கள் என்று பார்க்க ஆசை. கிழவனின் கையைப் பின்னால் முறுக்கிக் கட்டச் சொல்கிறான் ஈடிபஸ். கிழவன், “ஐயோ, சொல்லக் கூடாததைச் சொல்லும் இடத்துக்கே வந்துவிட்டேன்” என்கிறான். “நான் கேட்கக் கூடாததைக் கேட்கும் இடத்துக்கு. ஆனாலும் கேட்டே ஆக வேண்டும்” என்கிறான் ஈடிபஸ். அந்தக் கணத்தில் அவனுக்கு முக்கால்வாசி தெரிந்துவிட்டது. இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் ஒரு மூச்சு விடும் நேரம் இருக்கிறது. அந்த மூச்சில் அவன் திரும்பி உள்ளே போயிருந்தால் நாடகம் இல்லை. பொம்மைக்கு அந்த மூச்சு கிடையாது. உங்கள் இயக்குநரிடம் மரியாதையாகவே கேட்டுப் பாருங்கள்: கயிறு அப்பல்லோ கையில் என்றால், இந்த இடத்தில் கயிற்றை இழுப்பது யார்?

எரிக் டாட்ஸ் என்ற கிரேக்கப் பேராசிரியர் 1966-இல் இந்த நாடகம் எப்படியெல்லாம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது என்று ஒரு கட்டுரை எழுதினார். விதியின் கைப்பாவை என்பது அவர் மறுக்கும் கருத்துகளில் ஒன்று. ஈடிபஸ் தன் குற்றத்துக்கான தண்டனையை அனுபவிக்கிறான் என்பது அவர் மறுக்கும் இன்னொன்று. இரண்டையும் ஒரே கட்டுரையில் மறுத்தது உங்களுக்கு உதவும். நீங்களும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அல்லாடுகிறீர்கள்: ஒரு நாள் ‘எல்லாம் விதி’, மறுநாள் ‘நான் பிறவிக் குற்றவாளி’.

பரம்பரைச் சாபம்

தாத்தா, அப்பா, நான் என்று மூன்று தலைமுறைக் கணக்கு எழுதியிருக்கிறீர்கள். இங்கே ஒரு விவரம் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். இதே கதையை சோஃபக்ளீஸுக்கு முன்பே ஈஸ்கிலஸ் என்ற இன்னொரு நாடகாசிரியர் மேடை ஏற்றினார், கி.மு. 467-இல். லயஸுக்கு ஒரு நாடகம், ஈடிபஸுக்கு ஒன்று, அவன் மகன்களுக்கு ஒன்று என்று வரிசையாக மூன்று. கடைசி நாடகம் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கிறது. பிள்ளை இல்லாமல் இரு, நகரம் பிழைக்கும் என்று அப்பல்லோ மூன்று முறை சொல்லியும் லயஸ் கேட்கவில்லை, அந்தப் பழி மூன்றாம் தலைமுறை வரை நீள்கிறது என்று அதில் கோரஸ் எனும் பாடகர் குழு பாடுகிறது. நீங்கள் எழுதியிருப்பது ஏறக்குறைய இந்தக் கதைதான்.

ஆனால் நீங்கள் நடிக்கும் நாடகம் அது இல்லை. சோஃபக்ளீஸ் ஈடிபஸின் கதையை மட்டும் தனி நாடகமாக எழுதினார். ஈடிபஸ் நாடகத்தில் லயஸ் செய்த பாவம் என்று எதுவும் பேசப்படவே இல்லை. அப்பா இன்ன தப்பு செய்தார், அதனால் மகனுக்கு இந்த கதி என்ற வாக்கியத்துக்கு அதில் இடமே வைக்கவில்லை. வேண்டுமென்று செய்திருப்பார் என்றே நான் நினைக்கிறேன். பழைய பழி ஒன்றை வைத்துக் கணக்குத் தீர்த்துவிடாமல், இந்த ஒரு மனிதன் இன்றைக்கு என்ன செய்கிறான் என்று நம்மைப் பார்க்க வைக்கிறார்.

அப்பாவிடமிருந்து ஈடிபஸுக்கு வந்து சேர்ந்தது ஒரு காயம். பிறந்து மூன்று நாள் ஆகாத குழந்தையின் கணுக்கால்களைச் சேர்த்துக் குத்தி, கித்தேரான் மலையில் போட்டுவிடச் சொல்லிக் கொடுத்தார்கள். அவன் பெயருக்கே ‘வீங்கிய கால்’ என்றுதான் பொருள். அந்தத் தழும்போடுதான் வாழ்நாள் முழுக்க நடந்தான். அந்தக் காயத்துக்கு அவன் எந்த வகையிலும் பொறுப்பில்லை. அம்மா அடிபடுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற சிறுவனும் எதற்கும் பொறுப்பில்லை. இதைச் சொல்லிக்கொள்ள உங்களுக்கு வாய்ப்பே கிடைத்ததில்லை போலிருக்கிறது, கடிதத்தில் அந்தச் சிறுவனுக்காக ஒரு வரி கூட இல்லை.

சரி, துறை சார்ந்து சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் அடிதடியைப் பார்த்து வளர்ந்தவர்கள் பிற்காலத்தில் அதையே செய்யும் ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல். இதை மறைக்க மாட்டேன். ஆனால் அப்படி வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் அடிக்கிறவர்களாக ஆவதில்லை. இரண்டும் உண்மை. ‘ஆபத்து கூடுதல்’ என்பது எச்சரிக்கை. ‘ஆகியே தீருவான்’ என்பது பாட்டியின் வாக்கு. பாட்டிக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. ஆனால் ஒரு குழந்தையைப் பார்த்துத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் வாக்கியம் அந்தக் குழந்தைக்கு டெல்ஃபி மாதிரிதான். உங்கள் கோபம் ஒவ்வொரு முறை தலைகாட்டும்போதும் ‘இதோ, பலிக்கிறது’ என்று பார்க்கப் பழகியிருக்கிறீர்கள். கோபப்படாமல் கழிந்த நாட்களை யாரும் எண்ணி வைக்கவில்லை.

மூன்று பாதை கூடும் இடம்

ஈடிபஸ் வேறு மாதிரி நடந்துகொண்டிருக்க முடியுமா என்று கேட்டீர்கள். ஓடியதுதான் தப்பு, கொரிந்திலேயே இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கொரிந்தில் தன்னை வளர்த்த அரசன் பாலிபஸும் அரசி மெரோப்பும்தான் தன்னைப் பெற்றவர்கள் என்று நினைத்தான். அவர்களுக்குத் தன்னால் தீங்கு வரக் கூடாது என்று வரப்போகும் அரசபதவியையே விட்டுப் போனான். அவனுக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அது நல்ல மனசு எடுத்த முடிவு. முடிவு மோசமாகப் போனதால் அந்த நல்லது பொய்யாகிவிடாது. நீங்கள் 19 வயதில் வெளியேறியதும் அப்படித்தான், அன்று அது சரி.

ஆனால் டெல்ஃபிக்கு அவன் எதைக் கேட்கப் போனான் என்பதைக் கவனியுங்கள். விருந்தில் குடித்திருந்த ஒருவன் “நீ உன் அப்பனுக்குப் பிறந்தவன் இல்லை” என்று சொன்னதுதான் ஆரம்பம். நான் யாருக்குப் பிறந்தவன் என்று கேட்கத்தான் போனான். தெய்வம் அதற்குப் பதில் சொல்லாமல் வேறொன்றைச் சொன்னது. பயத்தில் அவன் தன் கேள்வியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினான். பல வருடம் கழித்துத்தான் அதைத் திரும்ப எடுக்கிறான். உங்களிடமும் போட்டுவிட்டு வந்த கேள்வி ஒன்று இருக்கிறது என்று தோன்றுகிறது. அப்பாவின் கோபம் எங்கிருந்து கிளம்பும், எப்போது கிளம்பும், அதற்கு முன் அவர் முகம் எப்படி மாறும், அடித்த பிறகு என்ன சொல்வார் என்பதை நீங்கள் பத்து வருடமாக யோசித்ததில்லை. அவர் மாதிரி ஆகக் கூடாது என்று மட்டும் நினைத்தீர்கள். ‘அவர் மாதிரி’ என்றால் என்ன என்று பார்க்காமல் அதைத் தவிர்ப்பது கஷ்டம். அவரோடு சமாதானமாகப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. அது உங்கள் விருப்பம், வேண்டாம் என்றாலும் நியாயமே. தெரிந்துகொள்வதற்கு அவர் வேண்டியதில்லை. உங்கள் ஞாபகமும், அம்மா பேசச் சம்மதித்தால் அம்மாவும் போதும்.

இப்போது லயஸ் கொல்லப்பட்ட அந்தச் சாலை, மூன்று பாதை கூடும் இடம். குறுகலான பாதையில் எதிரே வண்டி. வண்டியில் இருந்தவர்கள் அவனை ஓரம் தள்ளப் பார்க்கிறார்கள். தள்ளிய வண்டிக்காரனை ஈடிபஸ் அடிக்கிறான். “கோபத்தில் அடித்தேன்” என்று அவனே ஜோகாஸ்டாவிடம் சொல்கிறான். அவன் வண்டியைக் கடக்கும் நேரம் பார்த்து, வண்டி ஓட்டும் இரட்டை முள்கோலால் அவன் தலையில் அடிக்கிறார் வண்டியில் இருந்த கிழவர். அடுத்த நொடியே கிழவர் கீழே உருண்டு கிடக்கிறார். “அத்தனை பேரையும் கொன்றேன்” என்கிறான். ஒருவன் தப்பியது அவனுக்குத் தெரியாது. அந்த ஒருவன்தான் பின்னால் வரப்போகும் மேய்ப்பன்.

அப்பாவும் மகனும் ஒருவரை ஒருவர் தெரியாமலே அங்கே ஒரே ஆளாக இருக்கிறார்கள். இரண்டு பேரும் வழி விடவில்லை. அந்தக் கிழவர் தன் அப்பா என்பது ஈடிபஸுக்குத் தெரிய வழியே இல்லை, அது விதியின் பங்கு. எதிரே இருந்தவர் ஒரு வயசாளி, தனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது, இரண்டு அடி ஒதுங்கினால் வண்டி போய்விடும் என்பதெல்லாம் தெரியக்கூடியவை. பிற்பாடு, முதிர்ந்த வயதில் சோஃபக்ளீஸ் எழுதிய ‘கொலோனஸில் ஈடிபஸ்’ நாடகத்தில் இதே ஈடிபஸ் தன் பக்கத்தைப் பேசுகிறான்: உன்னை ஒருவன் கொல்ல வந்தால் ‘நீ என் அப்பாவா’ என்று விசாரித்துக்கொண்டா நிற்பாய்? நியாயமான வாதம். ஏதென்ஸின் சட்டமும் வேண்டுமென்று செய்த கொலையையும் அப்படி அல்லாததையும் பிரித்துத்தான் பார்த்தது. கி.மு. ஏழாம் நூற்றாண்டு டிராக்கோ சட்டத்திலேயே அந்தப் பிரிவு உண்டு. ஆகவே ஈடிபஸை அப்பாவைக் கொன்ற பாவி என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் உங்களைப் பொறுத்தவரை அந்தச் சாலையில் பார்க்க வேண்டியது கிழவர் யார் என்பதை இல்லை. தள்ளப்பட்டதற்கும் அடித்ததற்கும் நடுவில் இருந்த இடைவெளியைத்தான். உங்கள் வாக்குவாதத்திலும் அவர் திரும்பியதற்கும் நீங்கள் பிடித்ததற்கும் நடுவில் அந்த இடைவெளி இருந்தது. ரொம்பச் சின்னதுதான். பயிற்சியால் அதைப் பெரிதாக்க முடியும் என்பதுதான் என் தொழிலின் அடிப்படையே.

உங்கள் நண்பருக்கும் ஒரு வார்த்தை. “தீதும் நன்றும் பிறர்தர வாரா” என்ற கணியன் பூங்குன்றனார், அதே பாட்டில் சில வரி தள்ளி, ஆற்று வெள்ளத்தில் போகும் புணை போல உயிர் முறைவழியே, அதாவது ஊழின் வழியே, போகும் என்றும் சொல்கிறார். அதை வைத்துத்தான் பெரியோரை வியக்கவும் மாட்டோம், சிறியோரை இகழவும் மாட்டோம் என்று முடிக்கிறார். பாதியை மட்டும் எடுத்து ஒருவர் தலையில் அடிப்பது அந்தப் பாட்டுக்குச் செய்யும் நியாயம் இல்லை.

அந்தக் கை

கண்ணைக் குத்திக்கொண்டு ஈடிபஸ் வெளியே வருகிறான். எந்தத் தெய்வம் உன்னை இப்படிச் செய்யத் தூண்டியது என்று கோரஸ் கேட்கிறது. அவன் பதில் உங்களுக்கு மனப்பாடம், இருந்தாலும் எழுதுகிறேன்: அப்பல்லோதான் நண்பர்களே, என் இந்தத் துன்பங்களை எல்லாம் நிறைவேற்றியவன் அப்பல்லோதான், ஆனால் இந்தக் கண்களில் குத்திய கை வேறு யாருடையதும் இல்லை, என் கை.

இந்த இடத்தில் கிரேக்கத்தில் வரும் சொல் ‘அவுட்டோகெய்ர்’, தன் கையாலேயே செய்தவன். நாடகத்தின் தொடக்கத்தில் கொலைகாரனைத் தேடிக் கண்டுபிடிப்பேன் என்று அறிவிக்கும்போது ஈடிபஸ் அவனைக் குறிப்பிடுவதும் இதே சொல்லால்தான். ஊர் முழுக்கத் தேடிய அந்தச் சொல்லைக் கடைசியில் தன்மேல் வைத்துக்கொள்கிறான். பார்வையுள்ளவன் பார்வை இழப்பான் என்று டைரீசியஸ் முன்பே சொல்லியிருந்தான், உண்மைதான். யார் கையால் என்று சொல்லவில்லை. அப்பல்லோவின் பங்கை ஈடிபஸ் மறுக்கவில்லை, தன் கையின் பங்கையும் அப்பல்லோவிடம் தள்ளிவிடவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறான். “கை போய்விட்டது” என்று அவன் சொல்லவில்லை.

இதோடு ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். “அவன் கண்ணைக் குத்திக்கொண்டது எனக்கு நன்றாகப் புரிகிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நடிகராக எழுதினீர்களா, உங்களைப் பற்றியா? உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ளவோ, உயிரை விடவோ எண்ணம் வருகிறது என்றால் இந்தப் பதிலை இங்கேயே நிறுத்திவிட்டு, நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். ஒரு மருத்துவரையோ உதவி எண்ணையோ இன்றே தொடர்புகொள்ளுங்கள். தன்னைத் தண்டித்துக்கொள்வதால் அந்தப் பெண்ணின் கையில் இருந்த வலி ஒரு துளியும் குறையவில்லை. செத்திருக்கலாமே என்று கோரஸே ஈடிபஸிடம் சொல்கிறது. அவன் அதை ஏற்காமல் உயிரோடு இருக்கிறான், இருந்து தன் மகள்களுக்கு யார் துணை என்று கேட்கிறான்.

சொல்லாமல் விலகுவது பற்றி

மூன்றாவது கேள்விக்கு வந்துவிட்டேன். விலகிவிடுவதுதான் அவருக்குப் பாதுகாப்பு என்று நினைக்கிறீர்கள். கல்யாணத்தைத் தள்ளிப்போடுவது வேறு, பொய்க் காரணம் சொல்லி நிறுத்துவது வேறு. முதலாவதை நான் வலியுறுத்துவேன். இரண்டாவது, அவரிடம் கேட்காமல் அவர் வாழ்க்கையை நீங்களே முடிவு செய்வது. அன்று கையைப் பிடித்து நிறுத்தியதும் அவருடைய முடிவை நீங்கள் எடுத்ததுதான். இது அதன் மென்மையான வடிவம் என்று நான் சொன்னால் வருத்தப்படுவீர்கள், ஆனாலும் சொல்கிறேன்.

நாடகத்தின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். என்னை நாட்டை விட்டுத் துரத்து, கித்தேரான் மலைக்கு அனுப்பு என்று ஈடிபஸ் கிரியானை வற்புறுத்துகிறான். தண்டனையையும் தானே தீர்மானிக்கப் பார்க்கிறான். கிரியான் ஒத்துக்கொள்ளவில்லை. தெய்வத்தைக் கேட்காமல் முடியாது, எல்லாவற்றையும் நீயே ஆள நினைக்காதே என்கிறான். பார்வையாளர் பலர் கிரியானை இரக்கமில்லாதவன் என்பார்கள். எனக்கு அந்த வரி தேவையான வரி.

அதே நேரம், அவர் மன்னித்துவிட்டார் என்பதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, திட்டமிட்டபடி கல்யாணத்தை நடத்துவதும் ஆபத்து. மன்னிப்பு கடந்துபோன நாளுக்குத்தான். நான் சொல்லும் வழி இது:

1. உண்மையைச் சொல்லுங்கள். அப்பாவைப் பற்றி, உங்கள் பயத்தைப் பற்றி, அன்று நடந்ததைப் பற்றி. “கை போய்விட்டது” வேண்டாம். “நீ போகத் திரும்பினாய், நான் பிடித்தேன்” என்று சொல்லுங்கள். அவர் தனியாக இல்லாத, விரும்பினால் எழுந்து போய்விடக்கூடிய இடத்தில் பேசுங்கள்.

2. முடிவு அவருடையது. காத்திருக்கலாம், விலகலாம், வீட்டாரையோ நண்பர்களையோ சட்ட உதவியையோ நாடலாம். எதைச் செய்தாலும் தடுக்கவோ கெஞ்சவோ கூடாது. “நீ போனால் நான் என்ன ஆவேன்” என்ற வாக்கியம் வரவே கூடாது, அதுவும் கையைப் பிடிப்பதுதான். உங்களைத் திருத்தும் பொறுப்பையும் அவர் தலையில் வைக்காதீர்கள்.

3. தனியாக ஆலோசனைக்குப் போங்கள். இரண்டு பேரும் சேர்ந்து போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். வன்முறை நடந்திருக்கும்போது அது முதல் படி ஆகாது. உங்கள் எதிரில் உட்கார்ந்து அவர் பயமில்லாமல் பேச முடியாமல் போகலாம். வன்முறையைக் கையாளும் பயிற்சி உள்ளவராகப் பார்த்து, முதலில் நீங்கள் மட்டும் போங்கள். ஒன்றிரண்டு சந்திப்பில் முடியாது, மாதக்கணக்கில் ஆகும். கல்யாணத் தேதி அதற்கு வளைய வேண்டும்.

4. இடைவெளியைப் பெரிதாக்கும் வேலையை இன்றே தொடங்கலாம். கோபம் ஏறும்போது உடம்பில் முதலில் எது மாறுகிறது என்று எழுதி வையுங்கள், தாடையா, காதா, மூச்சா. அது தெரிந்தவுடன் “எனக்கு அரை மணி நேரம் வேண்டும்” என்று சொல்லிவிட்டு நீங்கள் அறையை விட்டு வெளியேற வேண்டும், சொன்ன நேரத்தில் திரும்பி வர வேண்டும். கதவுப் பக்கம் ஒருபோதும் நிற்காதீர்கள்.

5. மறுபடி ஒரு முறை நடந்தால், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், அன்றே ஆலோசகரிடம் சொல்லுங்கள். அந்த உறவில் நேரில் தனியாகச் சந்திப்பதை நிறுத்துங்கள்.

நீங்கள் அப்பாவாக ஆகிவிடுவீர்களா என்ற கேள்விக்கு ‘மாட்டீர்கள்’ என்று நான் வாக்குக் கொடுத்தால் அது இன்னொரு டெல்ஃபி ஆகிவிடும். உங்கள் அப்பா ஒருநாளும் இப்படி ஒரு கடிதம் எழுதவில்லை என்பது மட்டும் எனக்கு ஏறக்குறைய நிச்சயம். கடிதத்துக்கு அடுத்ததாக நீங்கள் செய்வதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

இரண்டு வாரத்தில் மேடை ஏறுகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு முன்னால் அவரிடம் பேசிவிடுங்கள். ‘என் கை’ என்ற வரியை நூறு பேர் முன்னால் சொல்வதற்கு முன் அவர் ஒருவர் முன்னால் சொல்லியிருக்க வேண்டும். பேசிய பிறகு எனக்கு எழுதுங்கள், அவர் என்ன முடிவு எடுத்திருந்தாலும்.